வெயில் ஏறினால் ஸ்டீயரிங் ஒட்டுதா? பிஎம்டபிள்யூ இஸட்4-ன் விநோத நோயும் வைத்தியமும்!

நேரான ஹைவே. வேகம் 100. பக்கக் காற்று காரை லேசாக இடது பக்கம் தள்ளுகிறது. நீங்கள் ஸ்டீயரிங்கை நூல் அளவு வலது பக்கம் திருப்பப் பார்க்கிறீர்கள். திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தம் கொடுத்தால், ‘டக்’கென்று விட்டுக்கொடுத்து, தேவைக்கு மேலேயே திரும்பிவிடுகிறது. இப்போது இடது பக்கம் சரிசெய்ய வேண்டும். அங்கேயும் அதே கதை. இப்படியே அரை மணி நேரம் ஓட்டினால், தோள்பட்டை இறுகிப்போய், ‘இதுக்கா ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினோம்?’ என்று தோன்றிவிடும்.

பிஎம்டபிள்யூ இஸட்4 காரின் முதல் தலைமுறைக்கு ‘இ85’ என்று பெயர். 2002 முதல் 2008 வரை அமெரிக்காவின் தெற்கு கரோலினா மாகாணத்தில், ஸ்பார்டன்பர்க் தொழிற்சாலையில் தயாரானது. நீளமான பானெட், துணிக் கூரை, இரண்டே சீட், பின்சக்கர டிரைவ். இன்றைக்கு அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி என எங்கே பார்த்தாலும் பழைய கார் சந்தையில் ஆசையைத் தூண்டும் விலையில் கிடைக்கிறது. வாங்கியவர்களில் பலர் சந்தித்த தலைவலிதான் மேலே சொன்னது. ‘ஸ்டிக்கி ஸ்டீயரிங்’ என்று அதற்குச் செல்லப்பெயரே வைத்துவிட்டார்கள்.

‘கொஞ்சம் ஒட்டுது, அவ்வளவுதானே?’ என்று நினைக்க வேண்டாம். 100 கி.மீ வேகத்தில் கார் ஒரு நொடிக்கு சுமார் 28 மீட்டர் பாய்கிறது. அந்த வேகத்தில் ஸ்டீயரிங் வெறும் 2 டிகிரி கூடுதலாகத் திரும்பி, இரண்டு நொடி அப்படியே நின்றாலே, கார் பக்கவாட்டில் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நகர்ந்துவிடும். 3.5 மீட்டர் அகல லேனின் நடுவில் இந்த கார் போகும்போது, இரு பக்கமும் மிச்சமிருக்கும் இடம் முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு லாரி வந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே என்னதான் நடக்குது?

பழைய கார்களில் பவர் ஸ்டீயரிங் என்றால் ஆயில், பம்ப், பெல்ட். இ85-ல் அது எலெக்ட்ரிக், அதாவது இபிஎஸ். அந்த மோட்டார் இருப்பது இன்ஜின் அறையில் அல்ல. டேஷ்போர்டுக்குக் கீழே, ஸ்டீயரிங் தண்டோடு சேர்ந்து, கேபினுக்குள்ளேயே.

நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது, தண்டுக்குள் இருக்கும் மெல்லிய கம்பி ஒன்று லேசாக முறுக்கிக்கொள்ளும். எவ்வளவு முறுக்கு என்று ஒரு சென்சார் அளந்து சொல்ல, மோட்டார் அதற்கேற்ற பலத்தைக் கொடுக்கும். மோட்டாரின் முனையில் திருகாணி மாதிரி ஒரு கியர். அது தண்டில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் பற்சக்கரத்தைச் சுற்றுகிறது. இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் ஸ்டீயரிங் ‘லொட லொட’ என்று ஆடும் என்பதால், இரண்டையும் ஒன்றோடு ஒன்று அழுத்தித்தான் பொருத்தியிருப்பார்கள்.

வில்லங்கம் இங்கேதான். ஹைவேயில் ஸ்டீயரிங் பெரும்பாலும் நேராகவே இருக்கும். ஆக, மணிக்கணக்கில் உரசுவது அதே இரண்டு, மூன்று பற்கள்தான். அந்த இடத்தில் கிரீஸ் மெல்ல ஒதுங்கி, வருஷக்கணக்கில் காய்ந்துவிடும். வெயிலிலும் மோட்டாரின் சூட்டிலும் பிளாஸ்டிக் சக்கரம் விரியும். ஏற்கெனவே இறுக்கமாக இருந்த ஜோடி இன்னும் இறுகும். மழைக்காலத்தில் ஊறிப்போன மரக் கதவைத் திறந்திருப்பீர்கள். மெதுவாகத் தள்ளினால் அசையாது. ஓங்கித் தள்ளினால் நம்மையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டு திறக்கும். அதே உராய்வுக் கணக்குதான் இங்கேயும்.

நல்ல சாட்சி ஒன்றும் இருக்கிறது. இதே காரின் அதிவேக மாடலான இஸட்4 எம்-ல் எலெக்ட்ரிக் கிடையாது, பழைய பாணி ஹைட்ராலிக் ஸ்டீயரிங். அந்தப் பற்சக்கரமே இல்லை என்பதால், இந்த நோய் அதற்கு வர வழியே இல்லை.

‘என்ன?’ அல்ல, ‘எப்போ?’

இந்தப் பிரச்னையில் பலர் பணத்தைத் தொலைப்பது ரிப்பேரில் அல்ல, கண்டுபிடிப்பதில்தான். முதலில் டயர் மாற்றுவார்கள். சரியாகாது. வீல் அலைன்மென்ட். ஊஹும். பிறகு டை ராட், புஷ், பால் ஜாயின்ட் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக் குப்பையில் போடுவார்கள். கடைசியில் காரையே விற்றுவிடுவார்கள். சர்வீஸ் சென்டருக்குப் போனாலும் நிம்மதி இல்லை. ஸ்கேனரை மாட்டுவார்கள், ஒரு எரரும் வராது. ஏன்னா, எலெக்ட்ரானிக்ஸ் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது! சென்சாருக்கும் மோட்டாருக்கும் குறையில்லை. உராய்வை அளக்க அங்கே தனியாக ஒரு சென்சார் கிடையாது.

இன்னொரு கொடுமை, வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் கார் ஆறிவிடும். டெக்னீஷியன் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு, ‘நல்லாத்தானே இருக்கு’ என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் நிஜமாகவே நல்லாத்தான் இருக்கும்.

அதனால் பாகங்களைத் தேடுவதற்கு முன்னால் ஒரு சின்னக் குறிப்பு எழுத ஆரம்பியுங்கள். போன் நோட்ஸில் எழுதினாலே போதும். எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், வெயில் எப்படி, கார் எங்கே நின்றது, ஒட்டுதல் எத்தனை நிமிஷத்தில் தொடங்கியது, நிழலில் நிறுத்தி காபி குடித்துவிட்டு வந்த பிறகு எப்படி இருந்தது? காலையில் வெண்ணெய் மாதிரி இருந்த ஸ்டீயரிங், கூரை திறந்து வெயிலில் காய்ந்த பிறகோ, அரை மணி நேர ஹைவே ஓட்டத்துக்குப் பிறகோ நடுப்புள்ளியில் மட்டும் ஒட்டுகிறது, ஆறினால் சரியாகிறது என்றால், முதல் சந்தேகம் தண்டு மேல்தான். தேய்ந்த டயருக்கும் தப்பான அலைன்மென்ட்டுக்கும் கடிகாரம் பார்க்கத் தெரியாது. அவை குளிரிலும் வெயிலிலும் ஒரே மாதிரிதான் படுத்தும்.

மற்றவர்களை எப்படி விடுவிப்பது?

சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. டயரில் இருந்து தொடங்கலாம். இ85-ல் கம்பெனி கொடுத்தது, பஞ்சரானாலும் ஓடும் ரன்-ஃப்ளாட் டயர்கள். பக்கச்சுவர் விறைப்பாக இருப்பதால், சாலையில் தடம் விழுந்திருந்தால் கார் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும். இதை ஒட்டுதல் என்று தப்பாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. வித்தியாசம் சுலபம்: புது தார் ரோட்டுக்கு வந்ததும் மறைந்தால் டயர், எந்த ரோட்டிலும் அப்படியே இருந்தால் டயர் இல்லை. காற்றழுத்தத்தை மட்டும் சரிபார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம்.

ஸ்டீயரிங் ஒரு முழுச் சுற்றில் இரண்டு இடங்களில் இறுகி, இரண்டு இடங்களில் லேசானால், தண்டின் கீழே இருக்கும் யுனிவர்சல் ஜாயின்ட் துருப்பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். வளைவில் திரும்பிய பிறகு தானாக நேருக்கு வராமல், விட்ட இடத்திலேயே நின்றால், முன் ஸ்ட்ரட்டின் மேல் பேரிங்கையோ, காய்ந்துபோன பால் ஜாயின்ட்டையோ பாருங்கள். காரை நிறுத்தி, ஒருவர் மெதுவாக ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் ‘டங்’ என்று துள்ளினால் அந்த பேரிங் மாட்டிக்கொண்டது. சத்தத்தைக் குறைக்கிறேன் பேர்வழி என்று யாராவது ஸ்டீயரிங் ரேக்கின் அட்ஜஸ்ட்மென்ட்டை முறுக்கி வைத்திருந்தாலும் இதே மாதிரி இறுகும். பழைய கார் வாங்கியவர்கள் இதை அவசியம் விசாரிக்க வேண்டும்.

எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஸ்டீயரிங் மொத்தமாகக் கல் மாதிரி கனமானால், அது வேறு நோய். மோட்டார் உதவியை நிறுத்திவிட்டது. அப்போது பேட்டரி, ஆல்டர்னேட்டர், கனெக்டர், ஃபியூஸ் என்று கரன்ட் பக்கம் பார்க்க வேண்டும். கனமாவதும் ஒட்டுவதும் ஒன்றல்ல.

கடைசியாக, தீர்ப்பு சொல்லும் சோதனை. இதை வொர்க்‌ஷாப்பில்தான் செய்ய வேண்டும், அதுவும் கார் சூடாக இருக்கும்போதே. ரோட்டில் இருந்து வந்த கையோடு, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஸ்டீயரிங் லாக்கை மட்டும் விடுவித்து, இரண்டு விரலால் நடுப்புள்ளியைத் தாண்டி மெதுவாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒட்டல் தெரிகிறதா? இப்போது தண்டின் கீழ் ஜாயின்ட்டை, பொருந்தும் இடத்தில் அடையாளம் போட்டுவிட்டு, ரேக்கில் இருந்து கழற்றி மறுபடி திருப்பிப் பார்க்கலாம். இன்னமும் ஒட்டினால் குற்றவாளி தண்டு. லேசாகிவிட்டால் குற்றவாளி கீழே இருக்கிறார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கீழே கழற்றிய நிலையில் ஸ்டீயரிங்கை விளையாட்டாகச் சுற்றிவிடக் கூடாது. ஏர்பேக்குக்குப் போகும் ஒயர் சுருள் ஸ்டீயரிங்குக்குப் பின்னால்தான் இருக்கிறது. அளவுக்கு மேல் சுற்றினால் அறுந்துவிடும். பக்கத்துக்குக் கால் சுற்று போதும்.

சரி, வைத்தியம்?

பிஎம்டபிள்யூவின் அதிகாரபூர்வ வழி, மோட்டாரோடு சேர்த்துத் தண்டு மொத்தத்தையும் மாற்றுவது. உள்ளே இருக்கும் பற்சக்கரம் மட்டும் தனியாக வேண்டும் என்றால் கிடைக்காது. பாகம், கூலி எல்லாம் சேர்த்து அமெரிக்காவில் பில் ஆயிரம் டாலரைச் சாதாரணமாகத் தாண்டும். வாரன்ட்டி காலத்தில் இப்படி மாற்றிக்கொண்டவர்கள் அதிர்ஷ்டசாலிகள். இன்றைக்குக் காரின் மதிப்போடு ஒப்பிட்டால் நெஞ்சு அடைக்கும் தொகை.

அதனால் உரிமையாளர்கள் இரண்டாவது வழியைக் கண்டுபிடித்தார்கள். தண்டைக் கழற்றி, மோட்டாரைப் பிரித்து, காய்ந்த கிரீஸைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக்கைப் பாதிக்காத சின்தெட்டிக் கிரீஸைப் பற்கள் முழுக்கத் தடவி மறுபடி பொருத்துவது. பாகங்களுக்கு ஆகும் செலவு சொற்பம், கூலிதான் பெரிது. பலருக்கு இது பல மாதங்கள், சிலருக்கு வருஷங்கள் கைகொடுத்திருக்கிறது. பற்கள் தேயாமல் நல்ல நிலையில் இருந்தால், அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் முதலில் இதை முயல்வதில் தப்பே இல்லை.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மோட்டாரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, கியர்களின் இறுக்கத்தைக் குறைத்துவிடுவது. ஒட்டுதல் போய்விடும், உண்மைதான். ஆனால் எவ்வளவு தளர்த்தினோம் என்பதற்கு அளவே இல்லை. கொஞ்சம் அதிகமானால் நடுவில் இடைவெளி விழுந்து, மோசமான ரோட்டில் ஸ்டீயரிங் கடகடக்கும். உயிரைக் கையில் பிடிக்கும் பாகத்தில் குத்துமதிப்பு வேண்டாமே! அதேபோல, டேஷ்போர்டுக்குக் கீழே குனிந்து டபிள்யூடி-40 அடிப்பதும் வேலைக்காகாது. மிச்சமிருக்கும் கிரீஸையும் கழுவிவிட்டுப் போய்விடும். ஸ்போர்ட் பட்டனை அழுத்தினால், மோட்டார் தரும் உதவியின் அளவுதான் மாறும். உராய்வு அப்படியே இருக்கும்.

உடைப்புக்கு வந்த காரில் இருந்து பழைய தண்டு வாங்கலாமா? விலை குறைவுதான். ஆனால் அந்தத் தண்டுக்கும் அதே வயசு, அதே பிளாஸ்டிக், அதே கிரீஸ். வாங்கினால், மாட்டுவதற்கு முன்பே பிரித்துப் புது கிரீஸ் போட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

‘நம்மகிட்ட இஸட்4 ஏது?’ என்பவர்களுக்கும் இதில் விஷயம் உண்டு. நம் ஊர் சின்ன கார்கள் பலவற்றில் இபிஎஸ் மோட்டார் இருப்பது இதே மாதிரி தண்டில்தான். அவற்றுக்கும் உராய்வு, தேய்மானம் எல்லாம் பொது. ஹூண்டாயின் எலான்ட்ரா, சொனாட்டா கார்களில் மோட்டாருக்கும் கியருக்கும் நடுவே இருக்கும் சின்ன ரப்பர் கப்ளிங் தூளாகி, திருப்பும்போது ‘டொக் டொக்’ சத்தம் வருவது உலகம் முழுக்கத் தெரிந்த கதை. ஒட்டினால் கிரீஸ், தட்டினால் கப்ளிங் என்று மனதில் குறித்துக்கொண்டு கராஜுக்குப் போனால், பேச்சைச் சரியான இடத்தில் ஆரம்பிக்கலாம்.

தண்டைத் தொடும் எந்த வேலைக்கும் முன்னால் பேட்டரியைத் துண்டித்துவிட்டு, சர்வீஸ் புத்தகம் சொல்லும் நேரம் வரை காத்திருக்க வேண்டும். ஏர்பேக் விளையாட்டுப் பொருள் அல்ல. ஒருமுறை மட்டுமே பயன்படுத்தச் சொன்ன போல்ட்டுகளுக்குப் புதுசு போட வேண்டும். வேலை முடிந்ததும் ஸ்டீயரிங் கோணத்தை அளக்கும் சென்சாரை மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

பில்லைக் கட்டுவதற்கு முன்னால் டெஸ்ட் டிரைவ் கேளுங்கள். காலை எட்டு மணிக்கு, தெருவைச் சுற்றி ஐந்து நிமிஷம் அல்ல. உச்சி வெயிலில், கூரையைத் திறந்து காரை ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு, அதன் பிறகு முக்கால் மணி நேரம் ஹைவேயில். பழைய நோட்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, போன தடவை எத்தனையாவது நிமிஷத்தில் ஒட்ட ஆரம்பித்ததோ, அந்த நிமிஷத்தைத் தாண்டும் வரை ஓட்டிப் பாருங்கள்.