ஒரு ராத்தல் தானியம்

தாது வருஷப் பஞ்சம் என்னும் சொல் நம் பாட்டிமார் வாயில் நெடுங்காலம் வழங்கியது. 1876-ஆம் ஆண்டில் பருவமழை பொய்த்தது. சென்னை மாகாணத்தின் வறண்ட மாவட்டங்களிலும், மைசூரிலும், பம்பாய்த் தக்காணத்திலும் பயிர் கருகிற்று. பசிபிக் பெருங்கடலின் நீர் வெப்பமேறும் எல் நினோ நிகழ்ச்சியோடு அவ்வறட்சியை இக்கால அறிஞர் தொடர்புபடுத்துகின்றனர். அன்றைய ஆட்சியாளருக்கு இக்காரணம் தெரியாது. எனினும், மழை பொய்த்த பின் எத்தனை பேர் மடிவர் என்பது வானத்தை மட்டும் பொறுத்ததன்று. அரசாங்கத்தின் கணக்கையும் பொறுத்தது. அக்கணக்கு எவ்வாறு போடப்பட்டது என்பதையே இளம் நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1877 ஜனவரியில் வைசிராய் லிட்டன் பிரபு, சர் ரிச்சர்டு டெம்பிள் என்பவரைச் சென்னைக்கு அனுப்பினார். இதே டெம்பிள் 1874-இல் பீகார்ப் பஞ்சத்தின்போது பர்மாவிலிருந்து அரிசி தருவித்துப் பல உயிர்களைக் காத்தவர். அதற்குக் கிடைத்த பரிசு, வீண்செலவு செய்தார் என்ற பழி! அப்பழியைத் துடைக்கும் எண்ணத்தோடு அவர் வந்தார் என்று கொள்வதில் தவறில்லை. நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறுகாசும் போதும் என்று அவர் விதித்தார். உயிர் தரிக்க அவ்வளவு போதுமா? போதும் என்பது அவர் எதிர்பார்ப்பு; சோதனை முகாம்களிலே, பசித்தவர் உடம்பின்மீதே நடந்தது.

இதனை எதிர்த்தவர் மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ். அவர் 1863-ஆம் ஆண்டிலேயே இம்மாகாண மக்களின் உணவையும், ஜில்லாச் சிறைகளின் உணவளவையும் பற்றிய அறிக்கைகளைத் தொகுத்து வெளியிட்டவர். 1871-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின் அறிக்கையை எழுதியவரும் அவரே. சோளமும் கேழ்வரகும் உண்டு உழைப்பவனுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை அவர் ஊகித்துச் சொல்ல வேண்டியதில்லை. மண் சுமப்பவனுக்குச் சிறைக்கைதிக்குரியதினும் குறைந்த உணவா என்று கேட்டார். ஒன்றரை ராத்தல் தானியம், அதனோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். 1877 மார்ச்சில் சென்னை அரசாங்கம் பாதி வழி இறங்கி வந்து, ஒன்றேகால் ராத்தலும் சிறிது பருப்பும் அளித்தது. கால் ராத்தல் என்பது ஒரு பிடி தானியம். அப்பிடிக்காக ஓர் அதிகாரி தம் மேலதிகாரிகளோடு வழக்காட வேண்டியிருந்தது.

பம்பாய்ப் பகுதியிலோ, பூனா சார்வஜனிக சபை தன் ஆட்கள் மூலம் ஊர்நிலையைத் திரட்டி அரசாங்கத்துக்கு எழுதிக்கொண்டிருந்தது. இந்தியர் தாமே நடத்திய இவ்விசாரணையைப் பாடப்புத்தகங்கள் ஏனோ விட்டுவிடுகின்றன.

பிரிட்டிஷ் இந்தியப் பகுதிகளில் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1878-இல் சர் ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி தலைமையில் பஞ்சக் கமிஷன் அமைந்தது. அது பல மாகாணங்களில் சாட்சியம் கேட்டு, வினாப்பட்டியல்கள் அனுப்பி விடைகளைத் தொகுத்து, 1880-இல் அறிக்கை தந்தது. அதன் பயனாக 1883-இல் பஞ்சச் சட்டத் தொகுப்புகள் எழுந்தன. பஞ்சம் வருவதற்கு முன்பே அதனை அறிதல் இவற்றின் சிறப்பு. தானிய விலை ஏறுகிறதா? மக்கள் ஊரைவிட்டுப் போகிறார்களா? கடன் கொடுப்பவர் கையை மூடுகிறாரா? களவு பெருகுகிறதா? இவற்றைக் கண்காணித்துக் கலெக்டருக்குத் தெரிவிப்பது கீழ்நிலை அலுவலரின் கடமையாயிற்று. ஐயம் தோன்றினால் சோதனை வேலை திறப்பர். குறைந்த கூலிக்கும் கூட்டம் வந்தால் பஞ்சம் உறுதி. 1875-இல் தோன்றிய வானிலைத் துறையின் தலைவர் பிளான்போர்டும், இமயப் பனியை வைத்துப் பருவமழையை முன்னறியும் முயற்சியில் இறங்கினார்.

ஏட்டில் இத்தொகுப்பு மிகச் செம்மையானது. ஆனால் அதனை ஏவுவதற்கு, பஞ்சம் வந்துவிட்டது என்று அரசாங்கம் வாய்திறந்து அறிவிக்க வேண்டும். 1943-இல் வங்காளத்தில் விலை ஏறிற்று. மக்கள் கல்கத்தாத் தெருக்களில் வந்து விழுந்தனர். ஏட்டிலே எழுதியிருந்த அடையாளங்கள் கண்முன் நின்றன. அப்போதும் அறிவிப்பு வரவில்லை. அறிவித்தால் விதிப்படி அளக்க வேண்டிய உணவு கைவசம் இல்லை என்பதே அரசாங்கம் தனக்குள் சொல்லிக்கொண்ட காரணம்.