உலர்ந்தும் சாகாத உயிர்கள்: லேவன்ஹூக்கின் 1702 கடிதம் சொல்வது என்ன?

நீரில்லாமல் உயிர் தரிக்குமா என்ற கேள்வியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் உயிரியலாளர் டேவிட் கெய்லின் போட்ட தடத்திலேயே நடக்கிறார்கள். வறண்டு கிடந்து, நீர் பட்டதும் எழும் உயிரினங்களின் நிலைக்கு ‘கிரிப்டோபயோசிஸ்’ என்று பெயர் சூட்டியது 1959-இல் வெளியான அவருடைய லேவன்ஹூக் சொற்பொழிவுதான். அந்தப் பெயருக்குள் இரண்டு நிலைகளை அவர் அடக்கினார்: வளர்சிதை மாற்றம் அளக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்ட நிலை ஒன்று, மீளக்கூடிய வகையில் அது அடியோடு நின்றுவிட்ட நிலை மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே முன்னோடியாக, 1702-இல் தம் சோதனையைக் கடிதமாக எழுதிய டச்சு நுண்ணோக்கி ஆய்வாளர் லேவன்ஹூக்கை நிறுத்தினார். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

டெல்ஃப்ட் நகரில் தம் வீட்டுக் கூரைத் தண்ணீர் வடியும் ஈயத் தகட்டு வடிகாலில் படிந்த வண்டலை லேவன்ஹூக் எடுத்துக் காயவைத்தார். காய்ந்த தூளைக் கண்ணாடிக் குழாயில் இட்டு, கொதித்து ஆறிய மழைநீரை ஊற்றினார். சற்று நேரத்தில், உருண்டு கிடந்த சக்கர உயிரிகள் (ரோட்டிஃபர்கள்) உடலை நீட்டி நீந்தத் தொடங்கின. இவ்வளவு காய்ந்த பொருளில் உயிர் இருக்கும் என்று தாம் எண்ணியதே இல்லை என்கிறார் அவர். எல்லோரும் எடுத்துக்காட்டும் பகுதி இது.

அடுத்து அவர் சொல்லும் விளக்கத்துக்கு அவ்வளவு கவனிப்புக் கிடைப்பதில்லை. நீர் வற்றும்போது இந்த உயிரிகள் முட்டை வடிவில் சுருங்குகின்றன. அந்த வடிவம் பிறகு குலைவதில்லை. ஆகவே உள்ளிருக்கும் ஈரம் வெளியேறவில்லை, தோல் அவ்வளவு இறுக்கமானது என்று அவர் முடிவு கட்டுகிறார். அவர் கண்ணுக்கு அவை நீரைப் பூட்டி வைத்துக்கொண்ட உயிர்கள். உலர்ந்தும் வாழும் உயிர் என்ற கருத்துக்கு இந்தக் கடிதத்தைத் தொடக்கமாகக் கொள்வது பொருந்தாது. அவர் கண்டது பிற்காலத்தார் கண்டதேயானாலும், நம்பியது அதற்கு நேர்மாறானது.

உலர்ந்தும் வாழும் உயிர் என்ற கருத்து பின்னாளைய சச்சரவுகளில் உருவானது. 1743-இல் நீடம், நோயுற்ற கோதுமை மணிக்குள் இருந்த காய்ந்த நார்கள் நீர் பட்டதும் புழுக்களாக நெளிவதைக் கண்டார். 1776-இல் ஸ்பல்லன்சானி நீர்க்கரடிகள் (டார்டிகிரேடுகள்) என்ற நுண்ணிய விலங்குகளையும் இந்தப் பட்டியலில் சேர்த்தார். 1842-இல் டொயேர் உலர்ந்த நீர்க்கரடிகளைச் சூடாக்கியும் உயிர்ப்பித்துக் காட்ட, பூஷே அதை மறுத்தார். வழக்கு பாரிஸ் உயிரியல் சங்கத்துக்குப் போனது. சங்கத்தின் சார்பில் ப்ரோகா எழுதிய 1860 அறிக்கையின்படி, 82 நாள் வெற்றிடத்தில் உலர்த்தி, அரை மணி நேரம் 100 டிகிரியில் வைத்த பாசியிலிருந்தும் சக்கர உயிரிகள் எழுந்தன. ஆனால் உயிர்ச்செயல் முழுதும் நின்றதா என்பதில் சங்கம் தீர்ப்புச் சொல்லாமல் நழுவியது. கெய்லின் ஒரே பெயருக்குள் அடக்கிய இரண்டு நிலைகளும் இந்த வழக்கில் எதிரெதிர்க் கட்சிகள்.

அளவீடு வந்தது 1970-களில். ஆர்டீமியா என்ற உப்புநீர் இறாலின் உறைமுட்டைகளை ஆராய்ந்தார் ஜேம்ஸ் கிளெக். ஒரு கிராம் உலர் எடைக்கு ஏறத்தாழ 0.1 கிராமுக்குக் கீழே நீர் இறங்கினால் வளர்சிதை மாற்றத்தின் தடயமே இல்லை, 0.6 கிராமை நெருங்கும்போதுதான் அது முழுமையாகத் திரும்புகிறது. இடையில் அரைகுறையான வேதிவினைகள். ஆக, குறைவதும் நிற்பதும் நீரின் அளவால் பிரியும் வேறு வேறு நிலைகள் என்று கொள்ள இடமுண்டு. ஓர் உயிரினத்தில் கிடைத்த எண்களை எல்லாவற்றுக்கும் விரிப்பது துணிச்சல்தான். ஆனாலும் கெய்லினின் ஒற்றைப் பெயரை விட இது சான்றுகளோடு கூடுதலாக ஒத்துப்போகிறது.

கால அளவைப் பற்றிய சான்றுகள் இன்னும் மெலிந்தவை. 120 ஆண்டு பழைய பாசியில் நீர்க்கரடி உயிர்த்தெழுந்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அந்தப் பாசியை ஆராய்ந்து 1948-இல் பிரான்செஸ்கி பதிந்தது காலில் தெரிந்த சிறு அசைவு மட்டுமே. அதை உயிர்த்தெழுதல் என்று கணக்கில் கொள்வதற்கில்லை.

உலர்ந்த செல்களைக் காப்பது எது என்பதிலும் ஒரே விடை இல்லை. நீரின் இடத்தில் ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை நின்று செல்சவ்வைக் காக்கிறது என்ற விளக்கம் ஆர்டீமியாவுக்குப் பொருந்துகிறது. லேவன்ஹூக் பார்த்த டெலாய்டு வகைச் சக்கர உயிரிகளில் 2003-இல் தேடியபோது அந்தச் சர்க்கரை தென்படவில்லை. அவற்றின் செல்களைக் காப்பது எது என்பதற்கு, புரதங்களை முன்வைக்கும் விளக்கங்கள் இப்போது போட்டியில் இருக்கின்றன.