திரையை முடக்கிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர்: செய்ய வேண்டியது என்ன?

கணினியில் பணியாற்றிக் கொண்டிருக்கும்போதே திரை முழுவதையும் ஓர் அறிவிப்பு மறைக்கிறது. காவல் துறை அல்லது மத்திய அமைச்சகத்தின் இலச்சினையுடன், தடை செய்யப்பட்ட இணையதளத்தைப் பார்த்ததால் கணினி முடக்கப்பட்டுள்ளதாகவும், சில மணி நேரத்துக்குள் அபராதம் செலுத்தாவிட்டால் வழக்குப் பதியப்படும் என்றும் அதில் எச்சரிக்கப்படுகிறது. பயமும், வெளியே தெரிந்தால் அவமானம் என்ற தயக்கமுமே இந்த மோசடியின் மூலதனம்.

இணையதளத்தைப் பார்த்ததற்காகக் கணினித் திரையை முடக்கி அபராதம் வசூலிக்கும் அதிகாரம் இந்தியாவில் எந்தக் காவல் அமைப்புக்கும் இல்லை. எனவே, இத்தகைய அறிவிப்பு போலியானது. கடந்த 2012-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவிய 'ரெவெட்டான்' என்ற தீம்பொருளும் அந்தந்த நாட்டுக் காவல் துறையின் பெயரிலேயே பணம் பறித்தது.

மூன்று வகைகள்

முதல் வகை, பிரௌசரில் முழுத் திரையாக விரியும் போலி இணையப் பக்கம். இரண்டாவது, கணினிக்குள் புகுந்து திரையை மட்டும் முடக்கும் தீம்பொருள். இவ்விரண்டிலும் கோப்புகள் பெரும்பாலும் சேதமடைவதில்லை. மூன்றாவது வகை, கோப்புகளையே மறையாக்கம் செய்து திறக்க முடியாதபடி ஆக்குவது. இதுவே மிகவும் ஆபத்தானது.

மீட்பது எப்படி?

புகார் அளிக்க உதவும் என்பதால், முதலில் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். திரையில் காணப்படும் தொலைபேசி எண்ணை அழைக்கவோ, வங்கி அட்டை விவரங்களைப் பதிவிடவோ கூடாது.

விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்த வேண்டும். இந்தக் கட்டளையை எந்த இணையப் பக்கத்தாலும் தடுக்க இயலாது. அதில் தோன்றும் 'டாஸ்க் மேனேஜர்' மூலம் பிரௌசரை மூடலாம். மீண்டும் திறக்கும்போது, பழைய பக்கங்களை மீட்டெடுக்கவா என்ற கேள்விக்கு மறுப்புத் தெரிவிக்க வேண்டும்.

பிரௌசரைத் திறக்காத நிலையிலும் அறிவிப்பு மீண்டும் தோன்றினால், தீம்பொருள் கணினிக்குள் இருப்பதாகக் கருதலாம். அப்போது, கணினியை அணைத்து மீண்டும் இயக்கி, கடவுச்சொல் கேட்கும் திரையில் 'ஷிஃப்ட்' விசையை அழுத்தியபடியே 'ரீஸ்டார்ட்' கொடுக்க வேண்டும். 'ட்ரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' வழியாகச் சென்று, 4-ஆம் எண்ணை அழுத்தினால் 'சேஃப் மோட்' கிடைக்கும். அங்கு அண்மையில் நிறுவப்பட்ட சந்தேகத்துக்குரிய செயலிகளை நீக்கலாம். அதன் பிறகு வைரஸ் தடுப்பு மென்பொருளால் கணினியை முழுமையாகச் சோதிப்பது அவசியம்.

கோப்புகள் திறக்காவிட்டால் அவற்றை அழித்துவிடக் கூடாது. யூரோபோல், நெதர்லாந்து காவல் துறை உள்ளிட்டவை 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரேன்சம்' இணையதளத்தில் சில வகை ரேன்சம்வேர்களுக்கான மீட்புக் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பணம் செலுத்தினாலும் கோப்புகள் திரும்பக் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

புகார் அளிக்கும் வழி

பணத்தை ஏற்கெனவே செலுத்தியிருந்தால், 1930 என்ற உதவி எண்ணை உடனடியாக அழைக்க வேண்டும். எவ்வளவு விரைவாகத் தகவல் அளிக்கப்படுகிறதோ, அந்த அளவுக்குத் தொகையை வங்கியிலேயே முடக்கி வைக்கும் வாய்ப்பு அதிகம். மத்திய உள்துறை அமைச்சகத்தின் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகார் பதிவு செய்யலாம். நிறுவனங்களைப் பொருத்தவரை, 2022 ஏப்ரலில் பிறப்பிக்கப்பட்ட உத்தரவின்படி, இத்தகைய தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் 'செர்ட்-இன்' அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும்.

கணினியைப் பயன்படுத்தி ஆள்மாறாட்ட மோசடி செய்வோருக்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவின்கீழ் 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும், ரூ.1 லட்சம் வரை அபராதமும் விதிக்கப்படலாம். சட்டத்தின் முன் குற்றவாளி, போலி அறிவிப்பை அனுப்பியவரே. அதைக் கண்டு அஞ்சியவர் அல்லர். எனவே, புகார் அளிக்கத் தயங்கத் தேவையில்லை.