பணம் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள்!

போன வாரம் உங்களைத் திருப்பனந்தாள் வரப்பில் நிற்க வைத்துவிட்டுப் போனேன். ஒரு வாரம் காத்திருந்தீர்கள். இனி நடப்போம்.

காலம் 1960-கள். குறுவை முற்றி நிற்கிறது. பக்கத்து ஆடுதுறைப் பண்ணை தந்த ஏடிடி 27. விதை, உரம், கடன் மூன்றும் ஒரே கட்டாகக் கூட்டுறவு சொசைட்டி வழியாக வருகின்றன. இந்தத் திட்டத்துக்கு நாட்டிலேயே முதலில் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. தோள் கொடுத்தது ஃபோர்டு அறக்கட்டளை. கார் கம்பெனிப் பங்குகளில் வளர்ந்த பணம்.

அந்தப் பணம் தஞ்சாவூர் வயலுக்கு வந்தபோது அமெரிக்கக் காங்கிரஸில் யாரும் மேசையைத் தட்டவில்லை.

தட்டியது கிளீவ்லாந்துக்காக.

1966 கோடையில் அந்த நகரத்தின் ஹஃப் பகுதி பற்றி எரிந்தது. கறுப்பின மக்கள் வாழும் பகுதி. அடுத்த கோடையும் எரியுமோ என்ற பயம் எல்லோருக்கும். அறக்கட்டளைத் தலைவர் மெக்ஜார்ஜ் பண்டிக்கும் அந்தப் பயம் உண்டு. அதோடு ஒரு நம்பிக்கையும் உண்டு. உள்நாட்டில் அமெரிக்காவின் முதல் வேலை கறுப்பின மக்களுக்குச் சமத்துவம் தருவதுதான் என்று வெளிப்படையாகவே பேசிவந்தவர் அவர். ஜனாதிபதிகள் கென்னடிக்கும் ஜான்சனுக்கும் பாதுகாப்பு ஆலோசகராக இருந்தவர். வியட்நாம் போரில் அவர் கை இருந்தது. அதையும் மறக்கக் கூடாது.

அடுத்த ஆண்டு அறக்கட்டளையிலிருந்து கோர் என்ற போராட்ட அமைப்பின் கிளீவ்லாந்து கிளைக்கு 1,75,000 டாலர் போனது. இளைஞர் பயிற்சிக்குக் கொஞ்சம். வாக்காளர் பதிவுக்குக் கொஞ்சம்.

வீடு வீடாகக் கதவு தட்டினார்கள். பெயர் எழுதினார்கள்.

இலையுதிர் காலத்தில் உட்கட்சித் தேர்தலிலேயே பழைய மேயர் விழுந்தார். நவம்பரில், முன்னாள் ஜனாதிபதி ஒருவரின் பேரன் சேத் டாஃப்டும் தோற்றார். மயிரிழை வித்தியாசம். ஜெயித்தவர் கார்ல் ஸ்டோக்ஸ்.

அமெரிக்கப் பெருநகரம் ஒன்றுக்கு முதல் கறுப்பின மேயர்!

'வரி கட்டாத பணம் தேர்தலில் இறங்கலாமா?' அன்று கிளம்பிய கேள்வி அடங்கவே இல்லை.

வாஷிங்டனுக்குப் போகும் முன் ஒரு நிமிடம் நம் மண்ணுக்கே திரும்புகிறேன். 1968 டிசம்பர் 25. அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கிழக்கே, கீழவெண்மணி. கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட குடும்பங்கள். ஒரே குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். விளைச்சல் கூடிய மாவட்டத்தில்தான் இது நடந்தது. பட்டா வைத்திருந்தவருக்குச் சொசைட்டிக் கடன் கிடைத்தது. வாய்மொழிக் குத்தகைக்காரன் எந்தத் தாளைக் காட்டுவான்? கூலிக்காரனுக்கோ காட்ட நிலமே இல்லை. அவர்களுக்காகப் போராடிய செங்கொடிச் சங்கத்துக்கு எந்த அறக்கட்டளையும் காசோலை எழுதவில்லை. எனக்கு இதில் சந்தேகமே கிடையாது: கிளீவ்லாந்தில் கொடுத்தது அரசியல் என்றால், தஞ்சாவூரில் கொடுத்ததும் அரசியல்தான். இங்கே அது வயலுக்குள் மறைந்திருந்தது, அவ்வளவுதான்.

வெண்மணிச் சாம்பல் ஆறி இரண்டே மாதம். 1969 பிப்ரவரி. வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபையின் வரிக் குழு கூடுகிறது. தலைவர் வில்பர் மில்ஸ்.

முதலில் பாய்ந்தவர் டெக்சாஸின் ரைட் பாட்மேன். சிறு கடைக்காரர்களுக்காக வாழ்நாள் முழுக்க வாதாடியவர். பணக்காரர்கள் வரிக்குப் பயந்து அறக்கட்டளைக்குள் ஒளிகிறார்கள் என்பது அவருடைய பழைய கோபம். நியாயமான கோபம்.

அடுத்து புரூக்ளினின் ஜான் ரூனி. இவருக்குச் சொந்தக் காயம். தொகுதியில் எதிர்த்து நின்ற பணக்காரர், தன் அறக்கட்டளைப் பணத்தை அங்கேயே வாரி இறைத்தார் என்று புகார். ரூனி எப்படியோ தப்பித்து ஜெயித்திருந்தார். 'இன்று எனக்கு, நாளை உங்களுக்கு' என்பதே அவர் வாதத்தின் சாரம். கேட்டவர்கள் அத்தனை பேரும் தேர்தலில் நிற்பவர்கள். யோசித்துப் பாருங்கள், அவர்கள் வயிறு எப்படிக் கலங்கியிருக்கும்!

பிறகு பண்டி வந்தார்.

ஹார்வர்டில் டீனாக இருந்தவர். வாதத்தில் தோற்றுப் பழக்கமில்லாதவர். அவருடைய பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். கிளீவ்லாந்தைப் பற்றிக் கேட்டால் அவரிடம் பதில் இருந்தது. ஓட்டுப் போடக் கற்றுக்கொடுப்பதும் குடிமைக் கல்விதானே?

ஆனால் குழுவின் கையில் இன்னொரு பட்டியல் இருந்தது.

ஜனாதிபதி கென்னடியின் தம்பி ராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அவரிடம் வேலை பார்த்த எட்டுப் பேருக்கு ஃபோர்டு அறக்கட்டளை நிதி கொடுத்திருந்தது. மொத்தம் 1,31,000 டாலருக்கு மேல். இது எந்த ஏழைக்கு? எந்தச் சேரிக்கு?

அறை முழுவதும் பண்டியின் பதிலுக்குக் காத்திருந்தது.

அவர் பணிந்து பேசியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். பணிந்தாரா? ஒரு நகரத்து வாக்காளர் பதிவுக்கு நிதி கொடுத்தவர்களை 'குறைந்தது ஐந்து மாநிலத்தில் வேலை செய்யும் அமைப்புக்கு மட்டும் கொடு' என்று கட்டிப்போட்ட அந்த விதி, ஆண்டு முடிவதற்குள் சட்டத்தில் எப்படி நுழைந்தது?

அடுத்த வாரம், பண்டி வாய் திறக்கிறார்.