கார்ட்டூன்

'கார்ட்டூன் போடு' என்று பிள்ளை கேட்டால் டி.வி.யைப் போடுகிறோம், நாளிதழின் அரசியல் நையாண்டிப் படத்துக்கும் இதே பெயர்தான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லாரி லாரியாக ஏறும் கார்ட்டன் பெட்டி இதற்கு உடன்பிறப்பு என்றால் நம்புவீர்களா? இரண்டுக்கும் மூலம் இத்தாலியச் சொல்லான 'கார்ட்டோனே', அதாவது தடித்த தாள். சுவரோவியம் தீட்டுமுன் ஓவியர்கள் அதில்தான் முழு அளவில் மாதிரி வரைவார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றச் சுவர்களுக்கென வந்த மாதிரிகளை 1843இல் 'பஞ்ச்' இதழ் கிண்டலடிக்க, சொல்லில் கேலி ஏறிக்கொண்டது. 1871இல் அமெரிக்க ஓவியர் தாமஸ் நாஸ்ட், பள்ளிகளை முன்வைத்து நடந்த மதச் சண்டையில் கத்தோலிக்க ஆயர்களை முதலைகளாக்கி 'ஹார்ப்பர்ஸ் வீக்லி'யில் வரைந்தார். அவர்களின் தொப்பிதான் பிளந்த வாய். தலைப்போ 'அமெரிக்கக் கங்கை'! (கங்கை என்ன பாவம் செய்ததோ.) அந்தப் படம் சிரிக்க வைக்காது, மிரட்டும். அதனால்தான் கார்ட்டூனுக்குத் தமிழாக 'கேலிச்சித்திரம்' எனக்குப் போதவில்லை. 'விகடம்'கூட வடமொழியில் கோரத்தைக் குறித்த சொல். தமிழில் அது சிரிப்பானது. 1906இல் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் பாரதி வெளியிட்ட படங்களைத் தொகுத்த ஆ.இரா. வேங்கடாசலபதி அவற்றைக் 'கருத்துப்படங்கள்' என்றார். என் வாக்கும் அதற்கே, குறும்பு கொஞ்சம் குறைந்தாலும்.