ஜன்னி: ஒரு சொல், மூன்று நோய்

“தலையில துணியக் கட்டு ஆத்தா, காத்து பட்டா ஜன்னி கண்டுரும்.” புதுக்கோட்டைப் பக்கம் பச்சை உடம்புக்காரியின் காதில் பஞ்சு அடைப்பதும், சுக்கு, பூண்டு, பெருங்காயத்தைக் கருப்பட்டிப் பாகில் கிளறி உருட்டித் தருவதும் இந்த அச்சத்தால்தான்.

சொல்லின் வேர் வடமொழி. ‘சன்னிபாதம்’ என்றால் ஒன்றுகூடி விழுவது. வாதம், பித்தம், கபம் மூன்றும் ஒருசேரக் கெட்டு, சுரம் தலைக்கேறிப் பிதற்ற வைக்கும் நிலைக்கு வைத்தியர்கள் இட்ட பெயர். அது சுருங்கிச் சன்னியாகி, பேச்சில் ஜன்னியானது. இலங்கையின் சிங்கள ஊர்களில் இதே சொல் வேடம் கட்டி ஆடுகிறது: ‘சன்னி யகும’ சடங்கில் 18 சன்னிப் பேய்கள், நோய்க்கொரு முகமூடி.

பிள்ளைப்பேற்றில் இச்சொல் மூன்றையும் சேர்த்தே குறித்தது: கருப்பையில் கிருமி தொற்றி வரும் காய்ச்சல், இரத்த அழுத்தம் ஏறி வரும் வலிப்பு, உறக்கமற்று, இல்லாத குரல் கேட்டு, பெற்ற பிள்ளையையே சந்தேகிக்கும் சித்தக் கலக்கம். மருத்துவம் இவற்றைப் பிரித்தது. காய்ச்சலைத் தடுக்க 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் சக மருத்துவர்களைக் கைகழுவச் சொன்னார். 1930களில் சல்ஃபா மருந்து வந்தது. வலிப்புக்கு மெக்னீசியம் சல்பேட் ஊசி. புதுக்கோட்டையில் பிறந்து 1912இல் மருத்துவரான முத்துலட்சுமி ரெட்டியின் காலத்துக்குப் பின் பிரசவம் மெல்ல மெல்ல ஆஸ்பத்திரிக்குப் போனது. முதல் இரண்டும் அடங்கின. மூன்றாவது ‘காத்து கருப்பு’ கணக்கில் கோடாங்கியிடம் போனது.

காய்ச்சலோ பிதற்றலோ இல்லாமல் உள்ளுக்குள் அரிக்கும் மனச்சோர்வுக்கோ ஜன்னி என்ற பெயர்கூட வாய்க்கவில்லை. வேலூர் மாவட்டக் கிராமங்களில் நடந்து 2002இல் வெளியான ஆய்வு, குழந்தை பெற்றவர்களில் 11 சதவீதம் பேருக்குப் புதிதாக அது வந்ததைக் கண்டது. காரணங்களில் காற்று இல்லை. வறுமை, ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கையுதவிக்கு ஆளின்மை ஆகியவை இருந்தன.

சீன நகரங்களிலும் பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் காற்று படாமல் வீட்டில் இருக்கிறாள். அங்கும் மாமியார் உறவு கசந்தால் அந்த மாதமே பாரம். காவல் ஒன்றுதான், அதை அரவணைப்பாக்குவதும் சிறையாக்குவதும் கூட இருப்பவர்கள்.

இந்த மனச்சோர்வைக் கண்டறிய 1987இல் எடின்பரோவில் உருவான 10 கேள்விகள் கொண்ட படிவம் தமிழிலும் சோதிக்கப்பட்டிருக்கிறது. தடுப்பூசி போட வரும் நாளில் செவிலியர் அதைக் கேட்டுவிடலாம். பிள்ளை உறங்கியும் தாய் உறங்கவில்லையா, காரணமில்லாமல் அழுகிறாளா? வீட்டார் மனநல உதவி எண் 14416க்கு அழைக்கலாம். விபரீதமாகப் பேசினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம்.