எந்த மொழி படித்தால் சம்பளம் அதிகம்?



சென்ற வாரம் ஊத்துக்கோட்டை பஸ் நிலையத்தில் பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன். சென்னையில் சீனியர் சாஃப்ட்வேர் இன்ஜினியர். "சார், பையன் காலேஜ் சேர்ந்திருக்கான். ஜாவாவா, பைத்தானா, எது படிச்சா சம்பளம் அதிகம்னு கேக்கறான். நீங்க சொல்லுங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்குத் தெரியும். 1999-ல் இதே கேள்விக்கு அவர் அப்பாவிடம் நான் சொன்ன பதில் தப்பாகிப் போனது. ஆகவே இந்த முறை கொஞ்சம் வரலாறு பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்று நான் சொன்னது "கோபால்". பையன் பெயரல்ல. வங்கி, வணிகக் கணக்குகளுக்காக 1959-ல் அமெரிக்காவில் உருவான கணினி மொழி. அந்தக் காலத்தில் கணினியில் இடம் விலை அதிகம் என்பதால் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் எழுதினார்கள். 2000 பிறந்தால் "00" என்பதை இயந்திரம் 1900 என்று எடுத்துக்கொள்ளுமோ என்ற பயம் உலகத்தையே பிடித்தது. பழைய நிரல்களைத் திருத்த அமெரிக்காவில் ஆள் போதவில்லை. வேலை நம் நாட்டுக்கு வந்தது. கோபால் தெரிந்தவருக்குத் திடீர் மவுசு.

ஐந்தாவது ஊதியக் குழுவுக்குப் பின்னும் இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 4,500 ரூபாய்தான். அந்தப் பிள்ளைகள் வாங்குவதைக் கேட்டு வாய் பிளந்தேன். "யோசிக்காம கோபால் படிக்க வையுங்க" என்றேன். அம்மாவின் நகையை அடகு வைத்துப் பணம் கட்டினார்கள்.

படிப்பு முடிந்தபோது 2000 பாதி ஓடிவிட்டது. ஜனவரி 1 பெரிய சேதமில்லாமல் கடந்திருந்தது. முகூர்த்தம் முடிந்த மறுநாள் மல்லிகைக்கு என்ன விலை? அந்த ஜூலையில் தரமணியில் டைடல் பூங்கா திறந்தார்கள். ஆனால் புது வேலைகள் கேட்டது 1995-ல் வெளிவந்த ஜாவாவை. அடுத்த ஆண்டு டாட்காம் சரிவில் அதுவும் சுருங்கியது. அவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கணக்கு எழுதப் போனார். இரவில் ஜாவா படித்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கோபால் சாகவில்லை. 2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில், வேலையிழந்தோர் உதவித்தொகை வழங்கும் பழைய கணினிகள் திணறியபோது, அமெரிக்காவின் நியூஜெர்சி ஆளுநர் கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று வெளிப்படையாகவே கேட்டார்.

இன்னொன்றும் பாருங்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஆண்டுதோறும் உலகம் முழுக்க நிரலர்களிடம் கணக்கெடுக்கிறது. அதிகம் பேர் பயன்படுத்துவது ஜாவாஸ்கிரிப்ட். அதிகச் சம்பளத்தில் முதலில் நின்றதோ 2022-ல் க்ளோஷர், 2023-ல் ஜிக். பலர் கேள்விப்பட்டே இராத பெயர்கள். அவற்றைத் தொடுபவர்கள் கொஞ்சம் பேர், பெரும்பாலும் அனுபவசாலிகள். மொழியால் மட்டும் வந்த சம்பளமல்ல அது.

நம் ஊரிலும் பெரிய கம்பெனிகள் புதிதாகச் சேரும் பிள்ளைக்குப் பத்து ஆண்டுக்கு மேலாக வருடத்துக்கு மூன்றரை லட்சம் அளவில்தான் தருகின்றன. ஜாவாவோ பைத்தானோ, தொடக்கத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் பிறகுதான் வருகிறது.

எப்படி வருகிறது என்று அவரிடமே கேட்டேன். "ஜாவா தெரிஞ்சவங்க இன்டர்வியூவுக்கு நூறு பேர் வந்தாங்க சார். குடோன்ல சரக்கு எப்படி வருது, எங்க கணக்கு உதைக்குதுன்னு தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்" என்றார். இன்றும் அவர் செய்வது சரக்கு மேலாண்மை மென்பொருள்தான்.

அதனால் தம்பிக்கு என் பதில் இதுதான்: ஏதாவது ஒரு மொழியை ஒழுங்காகப் படி. அதோடு ஒரு தொழிலையும் தெரிந்துகொள். மொழியின் விலை ஏறும், இறங்கும். வேலை தெரிந்தவனுக்கு அடுத்த மொழி ஆறு மாதப் பாடம்.

பஸ் ஏறும்போது, அம்மா நகையை மீட்டாயிற்றா என்று கேட்டேன். "ரெண்டு வளையல் முழுகிப் போச்சு சார். விடுங்க" என்றார். விட முடியவில்லை. அதனால்தான் எழுதினேன்.

இந்தத் துறையில் இருக்கும் பிள்ளைகள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். அடுத்த அப்பா கேட்கும்போது எனக்கு உதவும்.